ராவ்னா அண்ணி வெட்டிய கன்று

இறைச்சி கீறுவது ராவ்னா அண்ணியின் வேலை. மார்ச் பாதி கழிந்து, பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாக இருக்கும் நாட்களில், துருவமானின் தொடையையும் விலாவையும் நீள நீளமாகக் கீறி, உப்பில் புரட்டி, வீட்டுக்குப் பின்னால் கம்பிவலை அடித்த பரணில் காயப்போடுவாள். நாத்தனாராகிய நான் உப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் சமையலறை மேசையில் பாதிதான் இறைச்சிக்குக் கிடைத்தது. மறுபாதியில் ஒரு பெரிய மரப்பலகை ஏறி உட்கார்ந்திருந்தது. மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் முனையை ஒரு நாற்காலி தாங்கியது. பலகையிலிருந்து ஒரு மான்கன்று இரண்டு காதையும் விரித்து எங்களை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் அண்ணன் இஸ்ஸாத் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

"இந்த வீட்ல மனுசன் உக்காந்து சாப்பிட எடமிருக்கா?"

"நின்னுக்கிட்டே சாப்பிட்டா உள்ள எறங்காதா?" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல்.

"எறங்கும். மரத்தூளும் சேந்து எறங்கும்."

"நார்ச்சத்து. டாக்டரே சாப்பிடச் சொல்றார்."

அவள் இறைச்சிக்கு எடுத்த கத்தி வேறு, மரத்துக்கு எடுத்த உளி வேறு. ஆனால் கை ஒன்றுதான். வினை அங்கேதான் இருந்தது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

அண்ணி கடலோரத்து ஊரிலிருந்து எங்கள் மேட்டுநிலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரும்போது கொஞ்சம் மான்களோடும் சொந்தக் காதுவெட்டோடும் வந்தாள். வடதுருவப் பக்கத்து மேய்ப்பர்களான எங்கள் ஸாமி ஜனங்களில், மான் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், தனி வெட்டு உண்டு. மலையில் ஆயிரம் மான் கலந்து நின்றாலும் காதைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். அண்ணிக்கு ஞானஸ்நானத்தன்று அவள் அத்தை கொடுத்த வெட்டு இது: கன்றின் வலது காதில் நுனி நேராக அறுத்திருக்கும், இடது காதில் நுனி மீன்வால்போலப் பிளந்திருக்கும்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற, ஊர்முறையில் மாமாவான ஹெய்க்காவின் வெட்டு இதையே இடம் வலம் மாற்றிப் போட்டது. வலதில் மீன்வால், இடதில் அறுத்த நுனி. அவருடைய மான்களும் எங்கள் மான்களும் ஒரே மேய்ச்சல் கூட்டம். கல்யாணமான முதல் இலையுதிர்காலத்தில், கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், ஹெய்க்கா எழுந்து நின்றார். நானும் அங்கே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"புது மருமகளோட வெட்டு, என் வெட்டைக் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. பனிக்காத்து அடிக்கிறப்ப எவன் எடது வலது பாப்பான்? அவ மாத்திக்கட்டும்."

கல்யாணத்துக்குத் தைத்த உடையின் நிறம்கூட மங்காத பெண். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நான் பாப்பேன்," என்றாள் அவள்.

"என்ன?"

"எடது வலது. நான் பாப்பேன், மாமா. உங்களுக்குத் தெரியலன்னா என்னைக் கூப்புடுங்க."

வெட்டு அவளிடமே இருந்தது. ஆனால் ஹெய்க்கா விடவில்லை. வருஷாவருஷம் கன்றுகளுக்குக் காது வெட்டும் நாளில், வெட்டாத கன்றுகள் தாயைத் தேடி ஓடும். எது எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று பார்த்துத்தான் அது யாருடையது என்று முடிவு செய்வோம். அப்போது பட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி ஹெய்க்கா கத்துவார்: "இது என்னுதா, மருமகளோடதா? யாராவது மூக்குக் கண்ணாடி கொண்டாங்கப்பா!" எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணி சிரிக்கமாட்டாள். கயிற்றை வீசிக் கன்றைப் பிடித்து, முழங்காலுக்கடியில் அமுக்கி, இடுப்புக் கத்தியை உருவி, இரண்டு காதையும் வெட்டி விட்டுவிடுவாள். மூச்சு விடுகிற நேரம்தான். அத்தனை வருஷத்தில் ஒரு கன்றின் காதைக்கூட அவள் மாற்றி வெட்டியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான் என்று சொல்லலாம். அழகாக இருக்கிறாள் என்றோ நன்றாகச் சமைக்கிறாள் என்றோ சொன்னால் கையை ஆட்டி விரட்டிவிடுவாள். காது வெட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும் பேசாமல் கேட்டுக்கொள்வாள்.

பிழைப்புக்கு அவள் பள்ளிக்கூட விடுதியில் சமைத்தாள். மேய்ச்சல்காரர் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி. மீன் சூப்பு, ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை மான்கறிக் குழம்பு. அச்சுப்படம் போடுகிற பைத்தியம் பிற்பாடு பிடித்தது. ஒரு குளிர்காலத்தில் ஊர்க் கலைக்கூடத்தில், தரையில் விரிக்கிற லினோலியத்தில் படம் செதுக்கி அச்செடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பொழுதுபோகாமல் போனவள், பொழுதே போதாமல் திரும்பி வந்தாள். வசந்தத்தில் அண்ணன் கட்டிலை நகர்த்தியபோது அடியில் தரை விரிப்பு சதுரம் சதுரமாகக் காணாமல் போயிருந்தது.

"ராவ்னா! நம்ம வீட்டுத் தரைய எலி தின்னுருக்கு!"

"எலி இல்ல. நான்தான். கட்டிலுக்கு அடியில யார் பாக்கப்போறா?"

"நான் பாக்குறேனே!"

"கட்டில நகத்தாத."

அந்தத் தரையில்தான் அவளுடைய முதல் காட்டுக்கோழி பிறந்தது. பிறகு வேலி, படகு, கரண்டி, தூங்குகிற நாய் என்று என்னென்னமோ. கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் வாங்கிப் போனார்கள். எதிலும் அவள் காதுவெட்டைப் போட்டதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சாப்பாட்டுக்கூடம் கட்டினார்கள். அதில் ஒரு பெரிய படம் வைக்கவேண்டும் என்று நகராட்சி பலரிடம் மாதிரி கேட்டது. அண்ணியும் ஒன்று வரைந்து கொடுத்தாள்: நேராகப் பார்க்கிற ஒரு கன்று, பின்னால் ஆறு, ஆற்றின் மேல் பாலம். வரைந்த தாளில் காதுகள் வெட்டு எதுவுமில்லாமல் மொழுக்கையாக இருந்தன. அவளுடையதே தேர்வானது. அன்று கடையில் ஹெய்க்கா என்னிடம் கேட்டார்: "ஏம்மா மாரெத், சமையல்காரி செவுத்துலயும் சூப்பு ஊத்தப்போறாளாமே?" நான் வந்து சொன்னதும் அண்ணி கொஞ்ச நேரம் பாத்திரம் துலக்கினாள். பிறகு, "அந்தக் கன்னுக்கு என் வெட்டுதான்," என்றாள். "அவர் பேரப்புள்ளைங்க எல்லாம் அதுக்குக் கீழதான் உக்காந்து சாப்புடணும்."

குளிர்காலம் முழுக்கச் செதுக்கினாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கூடத்தின் திறப்பு விழா. அதன்பிறகு எல்லாரும் மந்தையோடு கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள்.

பிப்பாலுக் வந்தது பிப்ரவரியில். கிரீன்லாந்துக்காரி, அச்சுப்படம் போடுகிறவள். கலைக்கூடம் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தது. அவளுடைய அப்பாவுக்கு மான் மேய்க்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்களாம். வந்த அன்றே அவள் நான்கைந்து ஸாமி வார்த்தைகளை எடுத்துவிட்டாள். அத்தனையும் நாயைத் திட்டுகிற வார்த்தை.

"அப்பா இத மட்டும்தான் ஒழுங்கா கத்துக்கிட்டார்," என்றாள். "மானைப் பாத்தா அவருக்கு ஒண்ணும் புரியாது. கடல்ல சீல் மிருகத்தப் பாத்தாத்தான் மூளை வேலை செய்யும்."

பலகையைப் பார்த்துவிட்டு அவள் தலையைச் சொறிந்தாள். கலைக்கூடத்து அச்சு இயந்திரத்தில் அதில் பாதிகூட நுழையாது. தாளின் மேல் கரண்டியால் தேய்த்து அச்செடுக்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய பலகையில் ஒரு மூலையைத் தேய்க்கும்போது மறுமூலை காய்ந்துவிடும். அண்ணி யோசித்தாள். பிறகு உள்ளே போய் அவளுடைய மான்தோல் காலணிகளைக் கொண்டுவந்தாள். உள்ளே காய்ந்த புல் திணித்து, வெளியே ரோமம் நிற்கிற பழைய சோடி.

"இதப் போட்டுக்கிட்டு மிதிச்சா?"

பிப்பாலுக் அதை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். "அக்கா, நாங்க அச்சு தேய்க்கன்னே காசு குடுத்து மெத்தை வாங்குறோம்," என்றாள்.

கனமான தாள் காலுக்கு மசியாது. பிப்பாலுக் தன் ஊரிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்திருந்தாள். பார்த்தால் வெங்காயத் தோல், இழுத்தால் கிழியாது. "எங்க பக்கத்துல முன்ன ஜன்னலுக்குக் கண்ணாடி கெடையாது. சீல் குடலைத் தைச்சு மாட்டுவாங்க. வெளிச்சம் வரும், பனி வராது. எனக்கு அந்த மாதிரித் தாள்தான் பிடிக்கும்."

கார் ஷெட்டில் அடுப்பை மூட்டினோம். தரையில் பலகை. அண்ணியும் பிப்பாலுக்கும் இரண்டு பக்கமிருந்து உருளையால் மையை உருட்டிக்கொண்டே வந்தார்கள், கன்று கருத்து மினுமினுத்தது. தாளைப் போர்த்தி, அதன் மேல் ஒரு கம்பளியைப் போட்டு, மூன்று பேரும் ஏறினோம். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு, குட்டிக் குட்டி அடியாக மிதித்து மிதித்து நகர்ந்தோம். பிப்பாலுக் நாயைத் திட்டுகிற வார்த்தைகளை ராகம் போட்டுப் பாடினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கால் நழுவியது.

"ஏய், என் மூக்கு மேல நிக்கிற," என்றாள் அண்ணி.

"உங்க மூக்கா?"

"கன்னு மூக்குதான்! நகரு!"

தாளைத் தூக்கினோம். கறுப்பு அப்படியொரு கறுப்பு. ரோமம் ரோமமாகத் தெரிந்தது. கன்றின் கண் எங்கே போனாலும் கூடவே வந்தது. பாலம் வலது பக்கம், எங்கள் கரையிலிருந்து பார்க்கிற மாதிரியே. அச்சில் எல்லாம் திரும்பும் என்று கணக்குப்போட்டு அதைப் பலகையில் இடது பக்கம் செதுக்கியிருந்தாள். பிப்பாலுக் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அண்ணி முதல்முறையாக வெட்கப்பட்டதை நான் பார்த்தேன்.

அப்போது அண்ணன் பனி ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் எடுக்க வந்தான். கயிற்றில் தொங்கிய படத்தைப் பார்த்தான். டப்பாவைக் கீழே வைத்தான்.

"நல்லாருக்கு," என்றான். "ஹெய்க்கா கன்ன எதுக்குப் போட்ட?"

நான் படத்துக்குக் கிட்டே போனேன். பார்த்தேன். கன்றின் வலது காதில் மீன்வால். இடதில் அறுத்த நுனி.

பாலத்தைத் திருப்பிச் செதுக்கியது அவள் மூளை. காதைச் செதுக்கியது அவள் கை. உளியோடு அந்தக் காதுகளுக்கு வந்தபோது, சின்ன வயசிலிருந்து முழங்காலுக்கடியில் அமுக்கி வெட்டி வெட்டிப் பழகிய கை, வலதை வலதாகவும் இடதை இடதாகவும் வெட்டிவிட்டது. உயிருள்ள கன்றுக்கு அதுதான் சரி. மரத்துக்கு அது தப்பு.

அண்ணி உருளையைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"இதுக்குப் போயி," என்றான் அண்ணன், அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து. "மரத்தூளையும் பசையையும் கொழச்சு ஓட்டைய அடச்சுட்டு, மறுபடி வெட்டினாப் போச்சு."

"வெட்டின காதத் திருத்தி வெட்டுறது யாரு வேல?" என்று கேட்டாள் அண்ணி.

அண்ணன் பெட்ரோல் டப்பாவைத் திரும்ப எடுத்தான். எங்களிடையே அது திருடன் வேலை. அடுத்தவன் மானைத் தனதாக்க நினைப்பவன்தான் வெட்டின காதின் மேல் கத்தி வைப்பான்.

"மரம்தானே அக்கா?" என்றாள் பிப்பாலுக், மெதுவாக.

"இந்த ஊர்ல பாக்குறவங்க மரம்னு பாக்கமாட்டாங்க."

இன்னொரு பலகை செதுக்க நேரமில்லை. அப்படியே தொங்கவிட்டால், அடுத்தவர் வெட்டைக் கேட்காமல் எடுத்தவள் ஆவாள். அதைவிட, தன் வெட்டு எது என்று தனக்கே தெரியாதவள் ஆவாள். இத்தனை வருஷமாக ஹெய்க்கா பட்டியில் கத்தியதெல்லாம் உண்மை என்று அவளே எழுதிக் கூடத்தில் மாட்டின மாதிரி. தொங்கவிடாவிட்டால் சுவர் வேறு யாருக்கோ போகும். அன்று சாயங்காலம் பரணில் காய்ந்த இறைச்சியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பவேண்டிய அவசியமே இல்லை.

காலையில் எழுந்ததும் சொன்னாள்: "அவர்ட்டயே போய்க் கேக்கப்போறேன்."

"என்னன்னு?"

"உங்க வெட்டப் போட்டுட்டேன்னு. தொங்கவிடவா, கிழிக்கவான்னு."

"அண்ணி, அந்த ஆளு நாக்காலயே பிச்சுத் தின்னுருவார்."

"தின்னட்டும். மறச்சு வச்சா மட்டும் பசிக்காமப் போகுமா அவருக்கு?"

பாலத்தைக் கடந்து போனோம், மூன்று பேரும். படத்தைச் சுருட்டி நான் தோளில் வைத்திருந்தேன். ஹெய்க்காவின் மனைவி ரிஸ்தென் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஹெய்க்கா மேசையில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி காப்பிக் கோப்பைக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பார்த்ததற்கு அடையாளமே காட்டவில்லை. காப்பி வந்தது. குடித்தோம். வானிலையைப் பேசினோம். ஆற்றில் பனிக்கட்டி எவ்வளவு நாள் தாங்கும் என்று பேசினோம். பிப்பாலுக்குக்குப் பொறுக்கவில்லை, மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

நானும் பிப்பாலுக்கும் எழுந்து, துணி காயப்போடுகிற மாதிரி, படத்தை இரண்டு ஓரமும் பிடித்து அறைக்கு நடுவே விரித்தோம். இந்தப் பக்கம் மேசை, ஹெய்க்கா, அண்ணி. அந்தப் பக்கம் அடுப்பு, ரிஸ்தென்.

ஹெய்க்கா பார்த்தார். முதலில் கண்ணை. பிறகு காதை. கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ரிஸ்தென்! ஏ ரிஸ்தென்! மருமக நம்ம கன்னச் செதுக்கிக்கிட்டு வந்துருக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? கொழப்பம் வரும்னு சொன்னேன்ல? 'நான் பாப்பேன்'ன்னியே, தாயே!"

"பாத்தேன். கை பாக்கல," என்றாள் அண்ணி. முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "உங்க வெட்டு. உங்க சம்மதம் இல்லாம மாட்டமாட்டேன். வேண்டாம்னா இங்கயே அடுப்புல போட்டுட்டுப் போறேன்."

"அடுப்புலயா? இவ்வளவு லட்சணமான கன்னையா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "மாட்டு! நடுக்கூடத்துல மாட்டு. நல்லா வெளிச்சம் படுற மாதிரி மாட்டு. ஊர் பூரா பாக்கட்டும், ஹெய்க்கா கன்னு எப்படியிருக்குன்னு. நான் சம்மதிக்கிறேன். பின்னாடி எவனும் பேச்ச மாத்தக்கூடாது, நானும் மாத்தமாட்டேன். இவங்க ரெண்டு பேரும் சாட்சி. ரிஸ்தென், நீயும் சாட்சி."

"எதுக்குச் சாட்சி?" என்றாள் ரிஸ்தென், தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நம்ம கன்னு பள்ளிக்கூடத்துல தொங்குறதுக்கு!"

"நம்ம கன்னா?" மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள். "கண்ணு தெரியலையா உனக்கு? இது ராவ்னாவோடதுல்ல?"

"ஒளறாத."

"நீ ஒளறாத. வலது காது அறுத்திருக்கு, எடதுல மீன்வால். வந்து பாரு."

அறையில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. யாரும் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெய்க்கா தாளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மை அந்த வெங்காயத் தோல் தாளுக்குள் இறங்கி, பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் மாதிரியே கறுத்திருந்தது. திரும்பி இந்தப் பக்கம் வந்தார். மறுபடி அந்தப் பக்கம் போனார். பிப்பாலுக் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பாலத்தப் பாரு," என்றாள் ரிஸ்தென். "எடது பக்கம். நம்ம ஜன்னல்ல தெரியுற மாதிரி. நம்ம கரையில வந்து நிக்குது அவ கன்னு."

"அது எப்பவும் நடக்குறதுதானே," என்று ஹெய்க்கா முணுமுணுத்தார். "அவ கன்னுங்களுக்கு எங்க புல்லுதான் ருசி."

"அப்ப இந்தப் பக்கம் எங்க கரையில நிக்கிறது உங்க கன்னு," என்றாள் அண்ணி. அவளும் எழுந்து வந்து இரண்டு பக்கமும் பார்த்திருந்தாள். இப்போது அவள் குரலே வேறு. "அதுவும் எப்பவும் நடக்குறதுதான். மாமா, சம்மதம்னு சொல்லிட்டீங்க."

"ஒரு பக்கத்துக்குத்தான் சொன்னேன்!"

"ஒரு பக்கம் மட்டும் இருக்குற தாள் எங்க விக்கிதுன்னு சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்."

ரிஸ்தென் முதலில் சிரித்தாள். பிறகு பிப்பாலுக் வெடித்தாள், அவளைத் தொடர்ந்து நான். தாள் எங்கள் நடுவே அலைபோல ஆடியது. ஹெய்க்கா மட்டும் சிரிக்கவில்லை. கருகின ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து, கருகல் இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வெளிச்சம் படுற மாதிரி மாட்டுன்னு நான்தான் சொன்னேன்," என்றார் கடைசியில். அவ்வளவுதான். பேச்சை மாற்றவில்லை. அதை நான் அவர் கணக்கில் வைக்கிறேன்.

எங்கே மாட்டுவது என்பதைத் திரும்பி வரும்போது பாலத்தின் மேல் நின்று பிப்பாலுக் சொன்னாள். சுவரில் வேண்டாம். சுவரில் மாட்டினால் ஒரு பக்கம் செத்துப்போகும். பழைய சாப்பாட்டு அறைக்கும் புதுக் கூடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய திறப்பு விட்டிருந்தார்கள், கண்ணாடி போடுவதற்கு. "அங்க மாட்டுவோம் அக்கா. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல. எங்க ஊரு குடல் ஜன்னல் மாதிரி." நகராட்சிப் பொறியாளர் கேட்டுவிட்டு, கண்ணாடி எப்படியும் வரப்போகிறது, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் ஆயிற்று என்றார். இவ்வளவு சுலபமாக ஒருவர் சம்மதித்ததில் அண்ணிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அதன்பிறகு நாங்கள் மிதித்த மிதி! வேறு வேறு தாளில், வேறு வேறு கனத்தில் மையை உருட்டி, இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு வருகிற வரைக்கும் விடவில்லை. தாளை எப்படி ஈரப்படுத்துவது, மை எவ்வளவு இறங்கலாம் என்பது பிப்பாலுக்குக்குத் தெரியும். எந்த இடத்தில் குதிகாலை அழுத்தவேண்டும், எங்கே விரல் போதும் என்பது அண்ணியின் காலுக்குத் தெரியும். கலைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் தத்தம் தோல் காலணியோடு வந்து சேர்ந்தார்கள். ரிஸ்தென்கூட ஒரு நாள் வந்தாள், பால் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு. அவள் மிதித்ததுதான் கடைசியில் கண்ணாடிக்குள் போன படம்.

திறப்பு நாளன்று அண்ணிக்கு மாற்றாகச் சமைக்கவேண்டியவளுக்குக் காய்ச்சல். அண்ணியே மான்கறிக் குழம்பு வைத்தாள். நல்ல நீல உடையைப் போட்டு, கொலுசு மணிகள்போல வெள்ளித் தகடுகள் தொங்கும் அலங்கார ஊசியை மார்பில் குத்தி, அதன் மேல் சமையல் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். பேர் கூப்பிட்டபோது அவள் உருளைக்கிழங்கை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் இழுத்துவந்தேன்.

"ஏப்ரன் அண்ணி!"

"இருக்கட்டும். எல்லாரும் என்னை இப்படித்தான் பாத்துருக்காங்க."

வெயில் புதுக் கூடத்தின் பெரிய ஜன்னல் வழியாக வந்து கன்றுக்குள் புகுந்து பழைய அறையின் தரையில் விழுந்தது. பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஓடி "ஹெய்க்காவோடது!" என்று கத்துவார்கள், கதவைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடி "ராவ்னாவோடது!" என்று கத்துவார்கள். நகராட்சித் தலைவரின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. வாயை மட்டும் அசைத்துவிட்டு, அவரும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். மேய்ச்சல்காரர்கள் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மான் பார்க்கிற மாதிரி காதுகளைப் பார்த்தார்கள். பிறகு தட்டினார்கள் கை. அப்படியொரு கைதட்டலை எங்கள் ஊரில் நான் பனி ஸ்கூட்டர் பந்தயத்தில்தான் கேட்டிருக்கிறேன். அண்ணன் முன்வரிசையில் நின்றான், இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை. ரிஸ்தென் மூக்கைச் சிந்தினாள், சளி என்றாள். பிப்பாலுக் அண்ணியின் பழைய காலணிகளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவை இனி அவளோடு கிரீன்லாந்துக்குப் போகின்றன. அவளுடைய தாள் சுருளில் மிச்சம் எங்கள் சமையலறை அலமாரிக்கு மேல் இருக்கிறது.

ஹெய்க்கா புது உடையில் வந்திருந்தார். முதலில் தன் கன்றின் பக்கம் நின்று பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் எல்லாரும் குழம்புக்கு வரிசையில் நின்றார்கள். அவர் நிற்கவில்லை. கதவைச் சுற்றி, பழைய அறைக்கு, அண்ணியின் கன்று தெரிகிற பக்கத்துக்கு வந்தார். அங்கே அண்ணி மேசைகளிலிருந்து காலிக் காப்பிக் கூஜாக்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வெட்டு சுத்தமா இருக்கு," என்றார்.

அண்ணி கையில் கூஜாவோடு நின்றாள். அத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"ஆனா கன்னு மட்டும் தனியா நிக்குதே," என்றார், கன்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "தாய் இல்லாம யாருதுன்னு எப்படி முடிவு பண்றது? அந்தப் பக்கமும் ஒரு தாய் வேணும், இந்தப் பக்கமும் ஒரு தாய் வேணும். கூடத்துல எடம் இருக்கு. நான் பாத்துட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாயை எப்ப வெட்டப்போற, மருமகளே?"

அண்ணி கூஜாவை ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் குலுங்கியது. மற்றதையும் இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு, கன்றுக்குப் பக்கத்துச் சுவரைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டு, ஏப்ரன் முடிச்சு முதுகில் ஆட, தோளால் கதவைத் தள்ளிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.